பாக்கெட் உணவைச் சாப்பிடலாமா, கொட்டிவிடலாமா? படிப்படியாகச் சோதிக்கும் முறை

பால் திரிந்துபோனால் மூக்கு சொல்லிவிடும். லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி பெருகிக் கிடக்கும் இறைச்சித் துண்டைப் பற்றி மூக்கு ஒன்றும் சொல்லாது. அந்தத் துண்டு நல்ல நிறத்தில், நல்ல மணத்தில், தட்டில் வைத்தால் யாரும் தயங்காமல் எடுக்கும்படி இருக்கும். உணவைக் கெட்டுப்போக வைக்கும் நுண்ணுயிர்கள் ஒரு கூட்டம். மனிதரை நோயில் தள்ளுபவை பெரும்பாலும் இன்னொரு கூட்டம். முதல் கூட்டம் வாடை, புளிப்பு, வழுவழுப்பு, நிறமாற்றம் என்று தடயம் விடும். இரண்டாவது கூட்டம் தடயமே இல்லாமல் பெருகும். முகர்ந்து பார்த்து மட்டும் முடிவு செய்கிறவர்கள் இதனால் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். சாப்பிடக் கூடாததைச் சாப்பிடுகிறார்கள், சாப்பிடத் தக்கதைக் குப்பையில் கொட்டுகிறார்கள்.

ஆகவே முகர்வதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதற்கு முன் கேட்க வேண்டியவை: இது எந்த வகை உணவு, உறை முழுதாக இருக்கிறதா, அச்சிட்டிருப்பது எந்த வகைத் தேதி, வழியில் குளிர் விட்டுப்போனதா, திறந்து எத்தனை நாள் ஆகிறது. இந்த வரிசையில் போனால் பெரும்பாலான சந்தேகங்கள் இரண்டாவது, மூன்றாவது கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

படி 1: எந்த வகை உணவு என்று பிரியுங்கள்

கிருமி பெருக ஈரம் வேண்டும், புளிப்பு குறைவாக இருக்க வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும். இவற்றில் ஒன்றையாவது பறிப்பதுதான் உணவுத் தொழிற்சாலையின் வேலை. இல்லாவிட்டால், உள்ளே இருக்கிற கிருமியைச் சூட்டில் கொன்று, புதிது நுழையாமல் அடைத்துவிட வேண்டும். எந்த வழியைப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த உணவு எதனால் ஆபத்தாகும் என்பதும் தெரிந்துவிடும்.

ஈரத்தைப் பறித்தவை பிஸ்கட், பாஸ்தா, மாவு, சர்க்கரை, தேன், பால்பவுடர் போன்றவை. உணவில் கிருமிக்குக் கிடைக்கும் ஈரத்தை 0 முதல் 1 வரையிலான அளவில் சொல்வார்கள். அதற்கு நீர்ச் செயல்பாடு என்று பெயர். பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு இது 0.91க்கு மேல் வேண்டும். 0.60க்குக் கீழே போனால் எந்த நுண்ணுயிரும் வளராது. ஆனால் வளரவில்லை என்பதால் செத்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி உலர்ந்த உணவில் மாதக்கணக்கில் உயிரோடு காத்துக்கிடக்கும். 2008–09இல் அமெரிக்காவில் பீநட் பட்டர் மூலம் பரவிய சால்மொனெல்லா 700க்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது. 9 பேர் இறந்தார்கள். கேக் கலவையையோ பிசைந்த மாவையோ வேகவைக்காமல் வழித்துத் தின்னக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். மாவு எவ்வளவு புதிதாக இருந்தாலும் அது சூடு காணாத பச்சைப் பொருள்.

புளிப்பைக் கூட்டியவை ஊறுகாய், தக்காளி சாஸ், ஜாம், வினிகரில் இட்ட காய்கள். புளிப்பை அளக்கும் பி.எச் அளவில் 4.6 என்பது முக்கியமான கோடு. அதற்குக் கீழே, அதாவது நன்றாகப் புளித்த உணவில், போட்டுலிசம் என்ற, நரம்புகளை முடக்கும் நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமியால் பெருக முடியாது. இந்த வகையில் பெரும்பாலும் வருவது பூசணமும் ஈஸ்டும்தான்.

சூட்டில் கொன்று அடைத்தவை டின் மீன், டின் இறைச்சி, டின் பயறு, டின் காய்கறி. புளிப்பில்லாத இந்த உணவுகளில் மையப்பகுதி வரை 121 டிகிரி செல்சியஸ் சூடு சுமார் 3 நிமிடம் படும்படியோ, அதற்கு ஈடாகவோ சூடேற்றுவார்கள். 100 டிகிரியில் கொதித்தாலும் பிழைக்கிற வித்துகளை, அதாவது கிருமிகளின் உறங்கும் வடிவத்தை, அழிக்கத்தான் இவ்வளவு சூடு. அட்டைப்பெட்டியில் வரும் யு.எச்.டி பாலும் இந்த வகை. 135 டிகிரிக்கு மேல் சில விநாடிகள் சூடேற்றி, கிருமி நீக்கிய உறையில் அடைக்கிறார்கள். இவை அனைத்துக்கும் உயிர் அந்த அடைப்புதான். ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் எல்லாப் பாதுகாப்பும் போய்விடும்.

குளிரை மட்டும் நம்பி நிற்பவைதான் அதிகக் கவனம் கேட்பவை: பச்சை இறைச்சி, மீன், பாஸ்சரைஸ் செய்த பால், மென்மையான சீஸ், வெட்டிய பழம், கழுவி அடைத்த கீரை, அப்படியே சாப்பிடும் இறைச்சித் துண்டுகள், புகையூட்டிய மீன், முளைகட்டிய பயறு. கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விதை முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் அப்படியே பொருந்தும். 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தோடு தொடர்புடைய ஈ.கோலை என்ற குடல் கிருமியின் தொற்றில் ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றார்கள். சுமார் 50 பேர் இறந்தார்கள். முளைகட்டியவற்றை வேகவைத்துச் சாப்பிடுவதே நல்லது.

படி 2: உறையைக் கையில் எடுத்துப் பாருங்கள்

டின்னில் தொடங்குவோம். இரண்டு முனைகளும் தட்டையாகவோ சற்று உட்குழிந்தோ இருக்க வேண்டும். முனையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வந்தாலோ, ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை புடைத்துக்கொண்டாலோ உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். புளிப்பான உணவு டின்னின் உலோகத்தை அரித்து ஹைட்ரஜனை வெளிவிட்டும் உப்பலாம், கிருமி பெருகியும் உப்பலாம். வெளியிலிருந்து பார்த்து எது என்று சொல்ல வழியில்லை. அதனால் உப்பிய டின் எல்லாமே குப்பைக்குத்தான்.

சொட்டை விழுந்த டின்னில் பார்க்க வேண்டியது சொட்டை எங்கே விழுந்திருக்கிறது என்பதை. உடல்பகுதியில் கூர்மையில்லாத, ஆழமில்லாத சொட்டை பரவாயில்லை. மேல், கீழ் விளிம்பிலோ பக்கவாட்டில் ஓடும் இணைப்பிலோ விழுந்தால் அந்த இடத்தில் அடைப்பு விலகியிருக்கலாம். விரல் நுழையும் அளவுக்கு ஆழமாகவோ, கூரான மடிப்போடோ இருந்தாலும் விட்டுவிடுங்கள். துரு துணியால் துடைத்தால் போகிற அளவில் இருந்தால் சரி. துடைத்தும் குழி தெரிந்தால் ஊசித்துளை விழுந்திருக்கக் கூடும். டின்னைச் சுற்றிப் பிசுபிசுப்பு, உலர்ந்த கறை இருந்தால் கசிந்திருக்கிறது. ஒரே அட்டைப்பெட்டியில் வந்த பக்கத்து டின் கசிந்து கறைபட்டிருந்தால், கறையைக் கழுவிவிட்டு டின்னை மறுபடி பாருங்கள்.

திறக்கும்போது உணவு பீய்ச்சியடித்தாலோ நுரைத்தாலோ ருசி பார்க்காதீர்கள், நாக்கு நுனியில்கூட வைக்காதீர்கள். போட்டுலிசம் நச்சுக்கு நிறமும் மணமும் இல்லை, மிகச் சிறிய அளவே போதும். அந்த டின்னை இரண்டு பைகளில் போட்டுக் கட்டிக் குப்பையில் சேருங்கள். கையுறை அணிந்து, சிந்திய இடத்தை ஒரு பங்கு ப்ளீச்சுக்கு எட்டுப் பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: டின் உப்பாமலே உள்ளே புளித்துப்போவதுண்டு. சூட்டைத் தாங்கும் சில பாக்டீரியாக்கள் வாயு விடாமல் அமிலம் மட்டும் உண்டாக்கும். தட்டையான டின்னைத் திறந்ததும் இருக்கக் கூடாத புளிப்பு வாடை வந்தால் அதையும் கொட்டுங்கள்.

கண்ணாடி ஜாடியின் மூடி நடுவில் உட்குழிந்திருக்க வேண்டும். விரலால் அழுத்தும்போது அசையக் கூடாது. ‘டிக்’ என்று மேலும் கீழும் போனால் வெற்றிடம் போய்விட்டது, கடையிலேயே வைத்துவிடுங்கள். முதன்முறை திறக்கும்போது ‘டப்’ என்று ஒலி வருவது வெற்றிடம் உடைகிற ஒலி, அது வந்தால் நல்லது.

வெற்றிடத்தில் அடைத்த பாக்கெட்டில் பிளாஸ்டிக் உணவோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். தளர்ந்து காற்று நுழைந்திருந்தால் அடைப்பு விட்டிருக்கிறது. குளிரில் வைக்க வேண்டிய உணவென்றால் வாங்கக் கூடாது. இந்த வகையில் வெற்றிடமடைத்த மீனுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. போட்டுலிசம் கிருமியின் ஒரு வகை காற்றில்லாத இடத்தில் 3 டிகிரியிலேயே வளரத் தொடங்கிவிடும். ஆகவே உறைந்த வெற்றிட மீனை இளகவிடும்போது முதலில் உறையைக் கத்தரித்துக் காற்று புகவிட்டு, பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூடியபடியே இளகவிடுவது பலர் செய்கிற தவறு.

உப்பியிருப்பதெல்லாம் கெட்டது என்றும் இல்லை. சிப்ஸ் பாக்கெட்டை நைட்ரஜன் நிரப்பித்தான் உப்ப வைக்கிறார்கள். வறுத்த காபிக்கொட்டை கரியமில வாயு விடும். உயிருள்ள நுண்ணுயிரோடு விற்கும் நொதித்த உணவுகளும் கொஞ்சம் உப்பும். தாழ்வான ஊரில் அடைத்த பாக்கெட் மலைக்குப் போனால் காற்றழுத்தம் குறைந்து புடைக்கும். இவற்றில் சேராத தயிர், பால், பழச்சாறு, இறைச்சி, சமைத்த உணவு உப்பியிருந்தால் உள்ளே ஏதோ வளர்கிறது.

படி 3: தேதியைப் படியுங்கள், எந்தத் தேதி என்றும் பாருங்கள்

உலகளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 2018இல் லேபிள் விதிகளைத் திருத்தியபோது இரண்டு தேதிகளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக்கியது. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது தரம் பற்றியது. அந்த நாள் வரை மணமும் மொறுமொறுப்பும் குறையாது என்று தயாரிப்பாளர் சொல்கிறார். மறுநாள் உணவு நஞ்சாகிவிடுவதில்லை. ‘யூஸ் பை’ அல்லது ‘எக்ஸ்பயரி’ என்பது அந்த நாளுக்குப் பிறகு பாதுகாப்புக்கோ தரத்துக்கோ பொறுப்பில்லை, விற்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது என்பது. ‘செல் பை’ என்று இருந்தால் அது கடைக்காரர் சரக்கைச் சுழற்றுவதற்கான குறிப்பு.

ஆக, பெஸ்ட் பிஃபோர் தாண்டிய பாஸ்தா, சர்க்கரை, உப்பு, டின், பிஸ்கட் ஆகியவற்றை உறை முழுதாக இருந்தால் அடுத்த படிகளில் சோதித்துச் சாப்பிடலாம். கொட்டைகளும் முழுத்தானிய மாவும் எண்ணெய் மிகுந்தவை, சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும்; அவற்றுக்கு அவ்வளவு நாள் தராதீர்கள். யூஸ் பை தாண்டிய இறைச்சியும் மீனும் எவ்வளவு நன்றாக மணத்தாலும் கொட்டத்தான் வேண்டும். அந்தத் தேதியைக் கணக்கிட்டவர்கள் மூக்குக்குத் தெரியாத லிஸ்டீரியாவையும் மனத்தில் வைத்துத்தான் கணக்கிட்டிருப்பார்கள். தேதிக்குள் தின்று முடியாது என்று தோன்றினால் தேதிக்கு முன்பே ஃப்ரீசரில் வையுங்கள். உறைநிலை கிருமியைக் கொல்லாது, நிறுத்தி வைக்கும். இளகியதும் 24 மணி நேரத்துக்குள் சமைத்துவிடுங்கள்.

குழந்தைகளுக்கான பால்பவுடருக்கு எந்தச் சலுகையும் இல்லை. தேதி தாண்டினால் சத்துகளின் அளவு லேபிளில் சொன்னபடி இருக்கும் என்ற உறுதி போய்விடும். அந்தக் குழந்தைக்கு அதுதான் முழு உணவு.

எந்தத் தேதியும் திறக்காத பாக்கெட்டுக்கு, லேபிளில் சொன்னபடி வைத்திருந்தால் மட்டுமே செல்லும். தேதியை அழித்து மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலோ, பெட்டியில் ஒரு தேதியும் உள்ளே இருக்கும் பாக்கெட்டில் வேறு தேதியும் இருந்தாலோ வாங்க வேண்டாம்.

படி 4: குளிர் எங்கே விட்டுப்போயிருக்கும்?

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் பெரும்பாலான நோய்க்கிருமிகள் வேகமாகப் பெருகும். குளிரில் வைக்க வேண்டிய உணவு இந்த இடைவெளியில் மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் 1 மணி நேரம்தான். ‘மொத்தமாக’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்: கடையிலிருந்து வீடு வந்த 40 நிமிடம், மேசையில் மறந்துபோன 30 நிமிடம், அடுத்த வேளை வெளியே இருந்த 50 நிமிடம் எல்லாம் ஒரே கணக்கில்தான் கூடும்.

கடையில் குளிர்ப்பெட்டியின் ஓரத்தில் ஒரு கோடு வரைந்திருக்கும். அந்தக் கோட்டுக்கு மேலே அடுக்கிய சரக்குக்குக் குளிர் சரியாகப் போவதில்லை, அடியிலிருந்து எடுங்கள். பிஸ்கட் அடுக்கில் யாரோ வைத்துவிட்டுப் போன தயிர் டப்பாவைக் குளிர்ப்பெட்டிக்குத் திருப்பி வைக்காமல் ஊழியரிடம் கொடுங்கள். குளிர்ச்சரக்கைக் கடைசியாகக் கூடையில் போட்டு, பில் போட்டதும் குளிர்காப்புப் பையில் ஒன்றாக அடுக்குங்கள்.

வீட்டு ஃப்ரிட்ஜ் 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. குமிழில் இருக்கும் 1, 2, 3 என்ற எண்கள் வெப்பநிலையைச் சொல்வதில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் வைத்து, மறுநாள் காலை கதவைத் திறந்த உடன் அதில் வெப்பமானியை விட்டுப் பாருங்கள். 7, 8 டிகிரி காட்டினால் யூஸ் பை தேதிகளெல்லாம் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது என்று கொள்ளுங்கள். கதவு ரப்பரையும் பின்பக்கக் காற்றோட்டத்தையும் சரிபாருங்கள். கதவுத் தட்டுதான் ஃப்ரிட்ஜிலேயே சூடு ஏறி இறங்கும் இடம். அங்கே சாஸ் வைக்கலாம், பால் வைக்க வேண்டாம்.

மின்சாரம் போனால் மூடிய ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். ஊருக்குப் போகும்போது ஒரு கப் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் பனிக்கட்டிக்குள் அடியில் கிடந்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது. அப்படியானால் இறைச்சியும் மீனும் சமைத்த உணவும் குப்பைக்கு. மேலேயே இருந்தால் கவலையில்லை.

கடையில் உறைந்த பட்டாணிப் பாக்கெட்டைக் குலுக்கினால் தனித்தனியாக உதிர வேண்டும். ஒரே பாளமாக இறுகியிருந்தால் ஒருமுறை இளகியிருக்கக் கூடும். உணவின் மேல் வெள்ளையாக உலர்ந்த திட்டுகள் தெரிவது உறைகுளிரில் ஈரம் போனதால். அது ருசிக்குத்தான் கேடு. உறைந்த காய்கறி அப்படியே சாப்பிடும் உணவு என்று எண்ணிச் சாலடில் உதிர்ப்பது தவறு. 2015 முதல் 2018 வரை ஐரோப்பாவின் பல நாடுகளில் உறைந்த மக்காச்சோளத்தோடு தொடர்புடைய லிஸ்டீரியா தொற்றில் 47 பேர் நோயுற்று 9 பேர் இறந்தார்கள். பாக்கெட்டில் ‘சமைத்துச் சாப்பிடவும்’ என்று இருந்தால் அதைச் சமையல் குறிப்பாகப் பார்க்காமல் பாதுகாப்பு நிபந்தனையாகப் பாருங்கள்.

படி 5: திறந்த நாளை எழுதுங்கள்

உறையைக் கிழித்த கணத்தில் அச்சிட்ட தேதி செல்லாததாகிவிடும். ‘திறந்தபின் 3 நாளுக்குள்’ என்ற சிறிய எழுத்துதான் இனி விதி. அந்த வரி இல்லாவிட்டால், 5 டிகிரிக்குள் வைத்திருக்கும்பட்சத்தில் இந்த அளவுகள் உதவும். அப்படியே சாப்பிடும் இறைச்சித் துண்டுகள் 3 நாள், அதிகம் போனால் 5. டின்னிலிருந்து எடுத்த மீன், இறைச்சி, பயறு 3 முதல் 4 நாள். தக்காளி, பழம் போன்ற புளிப்பு டின்கள் 5 முதல் 7 நாள். கழுவி அடைத்த கீரை 1 முதல் 2 நாள். யு.எச்.டி பாலைத் திறந்ததும் அது சாதாரணப் பால்தான். அதற்கும் ஃப்ரிட்ஜ் வேண்டும், நாள் கணக்கும் வேண்டும்.

ஒரு மார்க்கர் பேனாவை ஃப்ரிட்ஜ் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டு, திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள். இதைவிடப் பயனுள்ள கருவி வீட்டில் வேறு இல்லை. மிஞ்சிய டின் உணவைக் கண்ணாடியிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ மாற்றுங்கள். திறந்த டின்னில் காற்று பட்டதும் புளிப்பு உணவு உலோகத்தை அரிக்கத் தொடங்கும். ஜாடிக்குள் நக்கிய கரண்டியை விட்டால் மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது.

படி 6: இப்போது கண்ணும் மூக்கும்

முதலில், பார்த்துப் பயப்பட வேண்டாதவை. தயிர் மேல் நிற்கும் மஞ்சள் கலந்த நீர் மோர்த்தெளிவு, கலக்கிவிட்டால் போதும். சாக்லேட்டின் வெண்படலம் கொழுப்போ சர்க்கரையோ மேலே வந்து படிந்தது. தேன் உறைவது இயல்பு. நாள்பட்ட கெட்டிச் சீஸில் பல்லில் கடிபடும் வெள்ளைப் படிகங்களும் அப்படியே. டின் மீனில் கண்ணாடித் துண்டு போலக் கிடப்பது பெரும்பாலும் ஸ்ட்ரூவைட் என்ற உப்புப் படிகம். சூடான வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போட்டுச் சில நிமிடம் வையுங்கள். கரைந்தால் உப்பு, கரையாவிட்டால் கண்ணாடி, உடனே புகார் செய்யுங்கள். வெட்டிய இறைச்சித் துண்டில் வானவில் போல மினுங்குவது தசைநார்களில் ஒளி சிதறுவதால்.

பச்சை இறைச்சியின் நிறம் நம்பத் தகுந்த சாட்சி இல்லை. வெற்றிடத்தில் அது ஊதாவாக இருக்கும். திறந்து கால்மணி நேரம் காற்று பட்டால் சிவக்கும். கொத்திய இறைச்சியின் நடுப்பகுதி காற்றில்லாமல் பழுப்பாக இருப்பதுண்டு. மறுபக்கம், ஆக்சிஜன் மிகுந்த வாயுவில் அடைத்ததும், சில நாடுகளில் அனுமதிக்கப்பட்டபடி சிறிதளவு கார்பன் மோனாக்சைடில் அடைத்ததும் பழையதான பிறகும் சிவப்பாகவே தெரியும். வெற்றிடப் பாக்கெட்டைத் திறந்தவுடன் வரும் லேசான கந்தக வாடை சில நிமிடங்களில் கலைந்துவிட வேண்டும். கலையாமல் நின்றால், விரலில் வழுவழுப்பு ஒட்டினால், கொட்டுங்கள்.

எண்ணெயும் கொட்டைகளும் கெட்டால் பழைய பெயின்ட், நனைந்த அட்டை போன்ற சிக்கு வாடை வரும். கசக்கும் கொட்டையை விழுங்காமல் துப்புங்கள். பூசணம் பிடித்த வேர்க்கடலை, மக்காச்சோளம், உலர்ந்த அத்திப்பழம் ஆகியவற்றில் அஃப்ளடாக்சின் என்ற பூசண நச்சு இருக்கக் கூடும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுதாக அழியாது.

பூசணத்துக்கு ஒரு விதி போதும். வெளியே தெரிவது பூ, வேர் உள்ளே ஓடியிருக்கும். உணவு மென்மையாகவும் ஈரமாகவும் இருக்க இருக்க வேர் ஆழமாகப் போகும். பிரட், தயிர், மென்மையான சீஸ், ஜாம், சமைத்த உணவு ஆகியவற்றில் ஒரு புள்ளி தெரிந்தாலும் முழுவதையும் கொட்டுங்கள். பக்கத்துப் பிரட் துண்டு சுத்தமாகத் தெரிந்தாலும் அதே பாக்கெட்தான். கெட்டிச் சீஸில் மட்டும் பூசணத்தைச் சுற்றியும் கீழேயும் 2.5 செ.மீ. தள்ளி, கத்தி பூசணத்தில் படாமல் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். பூசணத்தை முகர்ந்து பார்க்காதீர்கள், வித்துகள் நுரையீரலுக்குப் போகும்.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடுமா?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் தவறான பதிலே புழங்குகிறது. கிருமி வேறு, கிருமி ஏற்கெனவே கக்கிவைத்த நச்சு வேறு. மையப்பகுதி 75 டிகிரியைத் தொட்டால் லிஸ்டீரியா, சால்மொனெல்லா, ஈ.கோலை செத்துவிடும். போட்டுலிசம் நச்சுகூட 85 டிகிரியில் 5 நிமிடத்தில் சிதைந்துவிடும். ஆனால் அதை நம்பி உப்பிய டின்னைக் கொதிக்கவைத்துச் சாப்பிடும் துணிச்சல் யாருக்கும் வேண்டாம். ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சு கொதிநிலையையும் தாங்கும். வெளியே ஆறிக் கிடந்த சோற்றிலும் பாஸ்தாவிலும் பேசிலஸ் சீரியஸ் உண்டாக்கும் வாந்தி நச்சும் தாங்கும். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் குளிரில்லாமல் கிடந்தால் சேரும், ஒவ்வாமை போன்ற விளைவைத் தரும் ஹிஸ்டமின் என்ற பொருளைச் சமையலும் அழிக்காது, டின்னில் அடைக்கும் சூடும் அழிக்காது. மிளகு கடித்ததுபோல நாக்கு எரிந்தால் அந்த மீனைத் தொடர்ந்து சாப்பிடாதீர்கள். இரவு முழுக்க மேசையில் கிடந்த உணவைச் சூடாக்கி மீட்க முடியாது.

படி 7: யார் சாப்பிடப் போகிறார்கள்?

கர்ப்பிணி, கைக்குழந்தை, 65 வயதைக் கடந்தவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் இவர்களுக்கு அளவுகோல் வேறு. 2017–18இல் தென்னாப்பிரிக்காவில் அப்படியே சாப்பிடும் பதப்படுத்திய இறைச்சி மூலம் பரவிய லிஸ்டீரியா 1,000 பேருக்கு மேல் தாக்கி 200க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பிறந்த குழந்தைகள் அதில் பெருமளவில் பாதிக்கப்பட்டார்கள். லிஸ்டீரியா ஃப்ரிட்ஜிலேயே வளரக் கூடியது. ஆகவே இவர்களுக்குக் குளிர்ந்த இறைச்சித் துண்டையும் புகையூட்டிய மீனையும் ஆவி பறக்கச் சூடாக்கித்தான் கொடுக்க வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. குழந்தைப் பால்பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் இல்லை. 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, 2 மணி நேரத்துக்குள் கொடுங்கள். பால், முட்டை, மீன், வேர்க்கடலை, எள், சோயா, கோதுமை போன்றவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இருந்தால் வழக்கமாக வாங்கும் பொருளின் லேபிளையும் ஒவ்வொரு முறையும் படியுங்கள், செய்முறை சொல்லாமல் மாறும்.

எல்லாப் படிகளிலும் தேறிய உணவும் தவறாக இருக்கலாம். 2008இல் சீனாவில் மெலமின் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் கலந்த பால்பவுடரால் ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். உறையோ தேதியோ மணமோ எதுவும் அதைக் காட்டியிருக்காது. இதற்கு ஒரே வழி, உங்கள் நாட்டின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு வெளியிடும் திரும்பப் பெறும் அறிவிப்புகளைப் பார்ப்பது. அறிவிப்பில் பொருளின் பெயரோடு தொகுதி எண்ணும் இருக்கும். மாவையோ பருப்பையோ டப்பாவில் கொட்டும்போது அந்த எண் உள்ள உறைத்துண்டை வெட்டி டப்பாவோடு வையுங்கள்.

சாப்பிட்டுவிட்டால்

அரை மணி முதல் 8 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் பெரும்பாலும் நச்சு; பலருக்கு ஒரு நாளில் தணிந்துவிடும். வாந்தியும் பேதியும் போகும்போது தண்ணீரும் உப்பும் சேர்ந்து போகின்றன. உப்பு–சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்) பாக்கெட் இல்லாவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். பேதியில் இரத்தம், கடுங்காய்ச்சல், நீர் வற்றியதற்கான அறிகுறிகள் இருந்தால் மருத்துவரிடம் போங்கள். இரத்தம் போகும்போது பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். பார்வை இரட்டையாகத் தெரிவது, இமை தொங்குவது, நாக்கு குழறுவது, விழுங்க முடியாமல் போவது போட்டுலிசத்தின் அடையாளங்கள். இவை பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் தொடங்கும், காய்ச்சல் இருக்காது. விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கர்ப்பிணிக்குக் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் சில வாரங்களுக்கு முன் சாப்பிட்டதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். லிஸ்டீரியா வெளிப்பட 70 நாள் வரை ஆகலாம்.

மிச்ச உணவையும் உறையையும் பில்லையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பையில் போட்டுக் கட்டி, ‘சாப்பிட வேண்டாம்’ என்று எழுதி ஃப்ரிட்ஜில் தனியாக வைத்து, தொகுதி எண்ணோடு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். அதே தொகுதி இன்னும் கடை அடுக்குகளில் விற்றுக்கொண்டிருக்கலாம்.